ஜன்னலில் நிற்கும் துளி

வணக்கம் சார்,

மழை நேரத்தில் பேருந்து ஜன்னலில் சில துளிகள் அசையாமல் நிற்கின்றன. சில திடீரென்று ஓடுகின்றன. உராய்வு திடப்பொருட்களுக்கு இடையில்தானே? நீருக்குப் பாகுநிலை என்றுதான் படித்தேன். துளி உருள்கிறதா, வழுக்குகிறதா? கார்க் கண்ணாடியில் பூசும் மெழுகு உண்மையிலேயே வேலை செய்யுமா? சிறுபிள்ளைத்தனமான கேள்வி என்றால் மன்னியுங்கள்.

பி.

அன்புள்ள பி.,

ஜன்னலைப் பார்த்துக் கேட்டதற்கு எதற்கு மன்னிப்பு? படித்ததை அந்த ஜன்னலிலேயே சரிபார்க்காமல் விட்டீர்களே, அதற்குக் கேளுங்கள். பாகுநிலை ஓடும் நீரைத்தான் இழுத்துப் பிடிக்கும். நிற்கும் துளியில் ஓட்டமே இல்லை, அதற்கு அங்கே என்ன வேலை?

மெழுகு வேலை செய்யும். தாமரை இலையில் துளி உருளும். இப்போதைக்கு இது போதும்.

எல்லோரையும் போல நீங்களும் துளியின் அடியைப் பார்க்கிறீர்கள். சங்கதி விளிம்பில் இருக்கிறது. நீர், கண்ணாடி, காற்று மூன்றும் சந்திக்கும் அந்தக் கோட்டில். பக்கவாட்டில் கண்ணை வைத்துப் பாருங்கள். துளியின் கீழ்ப்பக்கம் தொப்பை போட்டிருக்கும், மேல்பக்கம் மெலிந்து சரிந்திருக்கும். ஆங்கிலேய விஞ்ஞானி தாமஸ் யங் 1805இல் சொன்னது ஒரே ஒரு சேர்கோணம், அதாவது விளிம்பில் நீர்ப்பரப்பு கண்ணாடியோடு சேரும் கோணம். ஆனால் அழுக்கும் பிசுக்கும் கீறலும் உள்ள நிஜக் கண்ணாடியில் விளிம்பு மாட்டிக்கொள்கிறது, கீழே ஒரு கோணம், மேலே ஒரு கோணம். இந்த வித்தியாசம்தான் பிடிமானம். அதுவும் துளியின் அகலத்தைப் பொறுத்தே கூடும், எடையோ கன அளவோடு கூடும். அதனால்தான் பக்கத்துத் துளியை விழுங்கியதும் ஓட்டம் பிடிக்கிறது. அடிப்பரப்பை மறந்துவிடுங்கள். விளிம்பு, விளிம்பு, விளிம்பு!

உராய்வு என்றே சொல்லலாமா? தாராளமாக. ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தார் 2018இல் அளந்து காட்டினார்கள். கனமான பீரோவைத் தள்ளுவது போலத்தான்: கிளப்பத்தான் அதிக விசை, கிளம்பிவிட்டால் குறைவு.

சின்ன வயதில் நானும் அக்காவும் ஜன்னலில் துளிப் பந்தயம் விடுவோம். நான் எப்போதும் பெரிய துளியாகப் பார்த்து எடுப்பேன். அவள் எடுப்பது சோனித் துளி, ஆனால் இன்னொன்று ஓடிப்போன ஈரத்தடத்தின் தலைமாட்டில் நிற்பது. ஈரத்தின் மேல் போகும் துளிக்கு மாட்டிக்கொள்ள விளிம்பே இல்லை, சர்ரென்று இறங்கிவிடும். இது எனக்குப் புரிய முப்பது வருடம் ஆனது. போன மாதம் பெருமையாக அவளிடம் விளக்கினேன்.

“அது எனக்கு அப்பவே தெரியுமே” என்றாள்.