அமெரிக்காவில் வீட்டுக்குப் புது ஷிங்கிள் (ஓடு மாதிரி அடுக்கி ஆணி அடிக்கும் தார் அட்டை) கூரை போட்ட அனுபவம் உண்டா? எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

உண்டு. டெக்சாஸில் டாலஸ் பக்கம் இருக்கிறேன். இங்கே ஏப்ரல், மே மாதங்களில் ஆலங்கட்டிக்குப் பயந்துகொண்டேதான் இருப்போம். ஒரு சாயங்காலம் கோல்ஃப் பந்து அளவில் பத்து நிமிடம் கொட்டித் தீர்த்தது. மறுநாள் விடிந்ததிலிருந்து வாசலில் கூரை கான்டிராக்டர்கள்தான்.

அவர்களில் யாராவது, இன்சூரன்ஸ் தருவதுபோக நம் கையிலிருந்து போட வேண்டிய பங்கைச் சொல்லி, "டிடக்டிபிள் நீங்கள் கட்ட வேண்டாம், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்றால் கதவைச் சாத்திவிடுங்கள். டெக்சாஸில் 2019 செப்டம்பர் 1 முதல் அது குற்றம். அதோடு, விட்டுக்கொடுத்த காசை உங்கள் கூரையிலேயேதான் மிச்சம் பிடிப்பார்கள். இந்த மாநிலத்தில் கூரை வேலைக்கு அரசு உரிமம் என்று எதுவும் கிடையாது. லாரியும் ஏணியும் இருந்தால் அவர் கான்டிராக்டர். அதனால் எங்கள் தெருவிலேயே சில வருடம் முன்பு கூரை மாற்றியவர்களிடம் விசாரித்து ஆளைப் பிடித்தேன்.

இன்சூரன்ஸ் பணம் ஒரே தவணையில் வராது. தேய்மானம் கழித்து முதலில் ஒரு செக், வேலை முடிந்து பில் அனுப்பிய பிறகு மீதி. வீட்டுக்கடன் இருந்தால் செக்கில் கடன் கொடுத்தவர் பெயரும் சேர்ந்தே வரும். அவர்கள் கையெழுத்துக்கு நான் அலைந்தது மூன்று வாரம். கூரை போட்டது ஒரே நாள்!

அந்த ஒரு நாள் லீவு போட்டு வீட்டில் இருங்கள். எந்த பிராண்ட், என்ன நிறம் என்று நாங்கள் ஒரு மாதம் விவாதித்தோம், அதெல்லாம் இரண்டாம்பட்சம். ஒழுகுவதும் ஒழுகாததும் ஷிங்கிளுக்கு அடியில் இருப்பதைப் பொறுத்தது. பழசைப் பிய்த்து எடுத்த பிறகுதான் அடிப்பலகை கண்ணில் படும். எங்களுக்குப் புகைபோக்கி ஓரத்தில் இரண்டு பலகை ஊறி, விரலால் அழுத்தினால் உள்ளே போனது. பலகை ஒன்றுக்கு எவ்வளவு என்று ஒப்பந்தத்திலேயே முன்கூட்டி எழுதி வாங்கியிருந்ததால் பேரம் பேச வேண்டி வரவில்லை.

புகைபோக்கியும் சுவரும் கூரையோடு சேரும் இடத்தில் வைக்கும் தகரத்துக்கு ஃப்ளாஷிங் என்று பெயர். மேஸ்திரி, பழைய தகரத்தையே வைத்து மேலே சீலன்ட் பூசிவிடலாம் என்றார். பலகை ஊறியதே அந்தத் தகரத்தால்தானே! புதுசு போட்டால்தான் ஆச்சு என்று நின்றேன். முகம் சுளித்தார், ஆனால் போட்டார்.

ஆணியையும் பாருங்கள். ஒரு ஷிங்கிளுக்கு நான்கு, காற்று பலமாக அடிக்கும் ஊரில் ஆறு, அதுவும் அதில் போட்டிருக்கும் கோட்டின் மேலேயே. ஆணித் துப்பாக்கியில் அழுத்தம் கூடினால் தலை ஷிங்கிளை அறுத்துக்கொண்டு இறங்கிவிடும். வேலை முடிந்தபின் இது வெளியே தெரியாது, காற்றில் ஷிங்கிள் பறக்கும்போதுதான் தெரியும்.

கிளாஸ் 4 ஷிங்கிள் போடலாமா என்பார்கள். 2 அங்குல எஃகுக் குண்டை 20 அடி உயரத்திலிருந்து ஒரே இடத்தில் இரண்டு முறை போட்டும் விரிசல் விடாத ரகம் அது. விலை கூடுதல், பிரீமியத்தில் தள்ளுபடி கிடைக்கலாம். ஆனால் சில கம்பெனிகள் தள்ளுபடியோடு "வெறும் தோற்றச் சேதத்துக்குப் பணம் இல்லை" என்று ஒரு வரியையும் சேர்த்துவிடுவார்கள். படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்து போடுங்கள்.

வீடியோ காலில் இதையெல்லாம் பார்த்த அம்மா, "அட்டையை ஆணி அடிச்சு வைக்கிறதுக்கா இத்தனை செலவு? சரி, வடாம் எங்கடா காய வைப்பே?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

கடைசியாக, கிளம்பும் முன் காந்த உருளையைப் புல்லிலும் டிரைவ்வேயிலும் ஓட்டச் சொல்லுங்கள். எங்களுக்கு ஒரு முறை ஓட்டினார்கள். நான்காம் நாள் காரின் பின் டயரில் ஒரு கூரை ஆணி இருந்தது.