பாதித் தண்ணீரை ஒரேயடியாக மாற்றாதீர்கள்

கேள்வி: இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத்தில் கடல்நீர் மீன்தொட்டி வைத்து ஏழு மாதமாகிறது. ஒரு ஜோடி கிளவுன் மீன், ஒரு கிளீனர் இறால், நாலைந்து நத்தைகள். மாதம் ஒருமுறை பாதித் தண்ணீரை மாற்றுகிறேன். தண்ணீர் வற்றினால், மாதத்துக்கு நாலைந்து லிட்டர் உப்புத் தண்ணீர் கலந்து ஊற்றுவேன். போன முறை தண்ணீர் மாற்றிய மறுநாளே இறால் செத்துவிட்டது, மீன்களும் வேகவேகமாக மூச்சு வாங்கின. மாற்றுவதற்கு முன் பார்த்தால் நைட்ரேட் (தீனியும் மீன் கழிவும் சிதைந்து சேருவது) எப்போதும் லிட்டருக்கு 40 மில்லிகிராம். எவ்வளவு, எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்? கல்லுப்பு போட்டுக் கலக்கலாமா? (சென்னை வாசகர்)

பதில்: உங்கள் இறாலை நைட்ரேட் கொன்றிருக்காது என்றே நினைக்கிறேன். உப்பின் அளவு சட்டென்று மாறியதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

தொட்டியிலிருந்து ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான். உப்பு அப்படியே தங்கிவிடும். அந்த இடத்தில் நீங்கள் மறுபடி உப்புத் தண்ணீரை ஊற்றினால், ஒவ்வொரு லிட்டருக்கும் 35 கிராம் உப்பு கூடுதலாகச் சேருகிறது. உங்கள் தொட்டியின் கொள்ளளவு 56 லிட்டர் வரும். மணல், பாறை, மேலே விட்ட இடம் எல்லாம் கழித்தால் உண்மையான தண்ணீர் 45 லிட்டர்தான் இருக்கும். மாதம் நாலு லிட்டர் என்றால் 140 கிராம், அதாவது லிட்டருக்கு மூன்று கிராம் ஏறுகிறது. சில மாதங்களில் லிட்டருக்கு 35 கிராம் இருக்க வேண்டிய இடத்தில் 40 வந்துவிடும். மெதுவாக ஏறியதால் இறால் சமாளித்துக்கொண்டது. பிறகு பாதித் தண்ணீரை எடுத்துவிட்டுப் புதிதாக ஊற்றியபோது அரை மணி நேரத்தில் இரண்டு மூன்று கிராம் இறங்கியிருக்கும். இறாலின் உடம்பு அதைத் தாங்காது.

ஆகவே இனிமேல் வற்றியதை நல்ல தண்ணீரால் மட்டும் ஈடுகட்டுங்கள். கண்ணாடியில் ஒரு டேப் ஒட்டி, தினமும் அந்தக் கோடு வரை ஊற்றினால் போதும். இப்போது உப்பு கூடியிருந்தால் ஒரே நாளில் இறக்க வேண்டாம். அடர்த்தி எண்ணில் (நல்ல தண்ணீரை 1 என்று வைத்து அளப்பது) ஒரு நாளைக்கு 0.001 குறைந்தால் போதும், 1.026 வரும் வரை. அதுதான் 35 கிராம் அளவு.

அடுத்து, எவ்வளவு மாற்றுவது? மாதம் 20 நைட்ரேட் உருவாகிறது, பாதியை மாற்றுகிறீர்கள். 40 ஆவது 20 ஆகி, மறு மாதம் மீண்டும் 40 ஆகும். எத்தனை வருடம் செய்தாலும் அங்கேதான் நிற்கும். வாரம் ஏழு லிட்டர் மாற்றினால்? வாரத்துக்கு 5 உருவாகிறது, 45-ஐ ஏழால் வகுத்தால் 6.4, இரண்டையும் பெருக்கினால் 32. அந்த அளவில் உருவாவதும் வெளியேறுவதும் சமமாகி, அங்கேயே நிற்கும். பெரிய வித்தியாசமில்லை. ஆனால் தீனியைப் பாதியாகக் குறைத்தால் அது 16-க்கு வந்துவிடும். இரண்டு கிளவுன் மீன்களுக்கு ஒரு நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவு போதும். உறைந்த தீனியாக இருந்தால் கரைந்த தண்ணீரை வடித்துவிட்டுப் போடுங்கள். நைட்ரேட் குறைவது தீனியால்தான். வாரம் ஏழு லிட்டர் என்று நான் சொல்வதற்குக் காரணம், கலவையில் சின்னத் தவறு நேர்ந்தாலும் உயிர்கள் தாங்கும் என்பதே.

கல்லுப்பு வேண்டவே வேண்டாம். மரக்காணத்திலோ தூத்துக்குடியிலோ உப்பளத்தைப் பார்த்திருப்பீர்கள். கடல்நீர் வற்றும்போது கால்சியம் ஜிப்சமாக முதலில் படிந்துவிடும். அப்புறம்தான் உப்பு விளையும். மிச்சமிருக்கும் கசப்பு நீரில் மக்னீசியம் தங்கிவிடும், அதை வடித்து வெளியேற்றிவிடுவார்கள். ஆகவே கல்லுப்பைக் கரைத்தால் கடல்நீர் கிடைக்காது. கொளத்தூர் மீன் கடைகளில் கேட்டால் கடல்நீர்த் தொட்டிக்கான உப்பு கிடைக்கும், அதையே வாங்குங்கள். மெரினாவில் நேராகத் தண்ணீர் மொண்டு வரவும் நான் சொல்ல மாட்டேன். கூவமும் அடையாறும் கலக்கிற கரை அது. மழைக்காலத்தில் உப்பும் குறைந்துவிடும்.

எந்தத் தண்ணீரில் கலக்குகிறீர்கள் என்பதைத்தான் பலர் கவனிப்பதில்லை. வீட்டு ஆர்ஓ கருவிகள் பலவற்றில், ருசிக்காக, சுத்திகரிக்காத தண்ணீரையே கொஞ்சம் திரும்பக் கலந்துவிடுவார்கள். சிலவற்றில் செம்பும் சேர்ப்பார்கள். நமக்கு நல்லதென்று சேர்க்கிற அந்தச் செம்பு இறாலுக்கும் நத்தைக்கும் விஷம். என் தொட்டியில் ஒருமுறை அப்படி நடந்தது. வீட்டில் புதுக் கருவி மாட்டிய இரண்டாவது வாரம், கண்ணாடியில் ஒட்டியிருந்த நத்தைகள் ஒவ்வொன்றாக மணலில் மல்லாந்து விழுந்தன. மீன்களுக்கு ஒன்றும் ஆகாததால் காரணம் புரியவே நாளாயிற்று. கேன் தண்ணீரானாலும், கரைந்திருக்கும் உப்புகளை அளக்கும் டிடிஎஸ் மீட்டரை விட்டுப் பாருங்கள். பத்துக்குக் கீழே இருந்தால் பரவாயில்லை. அதற்கு மேல் என்றால், கரைந்த உப்புகளையும் பிரித்தெடுக்கும் ஒரு டிஐ ஃபில்டர் வைத்து வடிகட்டுங்கள்.

கலக்குவது சனிக்கிழமை, மாற்றுவது ஞாயிறு என்று வைத்துக்கொள்ளலாம். சோப்போ ஃபினாயிலோ பட்டிராத வாளியாக இருக்கட்டும். முதலில் தண்ணீர், பிறகு உப்பு. உப்பின் மேல் தண்ணீரை ஊற்றினால் வெள்ளையாகத் திரிந்துவிடும், அதில் போவது கால்சியம்தான். ஏழு லிட்டருக்கு ஏறக்குறைய 260 கிராம், தராசில் நிறுத்துப் போடுங்கள். சின்ன மோட்டாரை உள்ளே ஓடவிட்டு, வாளியை வீட்டுக்குள்ளேயே வையுங்கள். பால்கனி வெயிலில் வைத்தால் சூடு ஏறிவிடும். மறுநாள், உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரின் கண்ணாடியில் ஒரு துளி விட்டு வெளிச்சத்தைப் பார்த்துப் பிடியுங்கள். மேலே நீலம், கீழே வெள்ளை, இரண்டும் சேரும் கோடு 35-ல் நிற்க வேண்டும். கருவியை 35 அளவுத் திரவத்தால் சரிபார்த்துவிட்டால் அந்தக் கோட்டை நம்பலாம். பழைய தண்ணீரிலும் ஒரு துளி பாருங்கள். சூட்டையும் ஒப்பிட்டு, இரண்டும் ஒத்துப்போன பிறகே குழாயைக் கையில் எடுங்கள்.

மோட்டாரையும் ஃபில்டரையும் நிறுத்திவிட்டு உறிஞ்சுங்கள். இந்த வாரம் மணலின் இடது பாதி, அடுத்த வாரம் வலது. ஃபில்டர் ஸ்பாஞ்சை, எடுத்த பழைய தண்ணீரிலேயே அலசுங்கள். குழாய்த் தண்ணீரின் குளோரின் அதிலுள்ள பாக்டீரியாவைக் கொன்றுவிடும். புதுத் தண்ணீரைக் குவளையால் பாறைமேல் மெதுவாக விடுங்கள், மணல் கிளம்பாது.

புது இறால் வாங்க அவசரப்பட வேண்டாம். மூன்று வாரம் தொடர்ந்து உப்பு 35-ல் நிற்கட்டும். பிறகு வாங்கி வந்ததும் சின்னக் குழாயில் ஒரு முடிச்சுப் போட்டு, தொட்டித் தண்ணீரை அதன் பையில் ஒன்றரை மணி நேரம் சொட்டுச் சொட்டாக விட்டு, அப்புறம் உள்ளே விடுங்கள்.