சிறு குழந்தைகளோடு வீட்டுக் கடன்: வங்கி தரும் தொகை முழுவதையும் வாங்கலாமா?

4 வயதில் ஒரு குழந்தையும் கையில் ஒரு குழந்தையுமாக இருக்கும் நிலையில் வீட்டுக் கடன் வாங்கலாமா, வங்கி ஒப்புக்கொண்ட தொகை முழுவதையும் வாங்கிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கடன் வாங்கலாம், முழுத் தொகையையும் வாங்க வேண்டாம் என்பதே என் பதில். எங்கள் மகளுக்கு 3 வயதும் மகனுக்கு 8 மாதமும் ஆகியிருந்தபோது நாங்கள் கடன் வாங்கினோம்.

வங்கி உங்கள் தகுதியைக் கணக்கிடும்போது இன்றைய வருமானத்தையும், ஏற்கெனவே உள்ள கடன்களையும், அவற்றை நீங்கள் ஒழுங்காகக் கட்டி வந்தீர்களா என்பதையும்தான் முதன்மையாகப் பார்க்கிறது. உங்களைச் சார்ந்திருப்போர் எத்தனை பேர் என்றும் விண்ணப்பத்தில் கேட்பார்கள். ஆனால், அங்கே நீங்கள் எழுதும் 2 என்ற எண்ணுக்குள் குழந்தைகள் காப்பகத்தின் கட்டணமோ, இரவெல்லாம் காய்ச்சலில் கிடந்த பிள்ளைக்காக மறுநாள் எடுக்கும் சம்பளமில்லா விடுப்போ, இன்னும் இரண்டு ஆண்டுகளில் வரப்போகும் பள்ளிச் செலவோ முழுமையாக அடங்குவதில்லை. அந்தக் கணக்கை நீங்கள்தான் போட்டாக வேண்டும்.

நாங்கள் அதை இப்படிப் போட்டோம். உத்தேசத் தவணைக்கும் அப்போது கொடுத்துவந்த வாடகைக்கும் இடையே இருந்த வித்தியாசத்தை, கடனுக்கு விண்ணப்பிக்கும் முன்பே, 6 மாதங்களுக்கு ஒவ்வொரு மாதமும் சம்பளம் வந்த அன்றே தனிக் கணக்கில் போட்டுவிடுவது என்று முடிவு செய்தோம். முதல் இரண்டு மாதங்கள் எளிதாகவே போயின. மூன்றாம் மாதம் மகனுக்குச் சளி முற்றி மூச்சிரைப்பு வந்தது. மருத்துவச் செலவோடு நான் 5 நாள் விடுப்பும் எடுக்க நேர்ந்ததால், மாதக் கடைசியில் அந்தத் தனிக் கணக்கிலிருந்தே பணத்தை எடுத்தோம். அன்றிரவு பிள்ளைகள் தூங்கிய பிறகு, செலவு நோட்டில் அந்த மாதத்துப் பக்கத்தை என் மனைவி இரண்டு முறை கூட்டிப் பார்த்துவிட்டு, "தவணை ஆரம்பித்திருந்தால் இந்த மாசம் எங்கே போயிருப்போம்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. பார்த்து வைத்திருந்த வீட்டைக் கைவிட்டு ஓர் அறை குறைவான வீட்டைத் தேட ஆரம்பித்தது அதன் பிறகுதான். இந்த ஒத்திகையை நீங்களும் கட்டாயம் செய்து பாருங்கள். சேரும் பணம் முன்பணத்துக்கும் உதவும்.

வட்டி எப்படி வேலை செய்கிறது என்பதையும் எண்களில் பார்த்துவிடுவது நல்லது. எந்த நாணயமானாலும், கடன் 1 லட்சம், ஆண்டு வட்டி 8 சதவீதம், காலம் 20 ஆண்டுகள் என்றால் மாதத் தவணை ஏறத்தாழ 836 வரும். முதல் தவணையில் 667 வட்டிக்கே போய், அசலில் 169 மட்டுமே கழியும். 5 ஆண்டுகள் தவறாமல் கட்டி, 50 ஆயிரத்துக்கும் மேல் செலுத்திய பிறகும், அசலில் 87 ஆயிரத்துக்கு மேல் மீதம் நிற்கும். வட்டி மாறும் வகைக் கடனில், தொடக்கத்திலேயே 8 சதவீதம் 10 ஆகிவிட்டால், அதே 20 ஆண்டுக் காலத்துக்குத் தவணை 965 ஆகும். பிள்ளைகள் சிறியவர்களாக இருக்கும் ஆண்டுகளில் இப்படி ஓர் உயர்வைத் தாங்க இயலாது என்று தோன்றினால், முதல் சில ஆண்டுகளுக்காவது நிலையான வட்டி கிடைக்குமா என்று கேளுங்கள்.

காலத்தைத் தேர்ந்தெடுப்பதில் என் கருத்து பலருடைய அறிவுரைக்கு மாறானது. குறுகிய காலம் வட்டியை மிச்சப்படுத்தும் என்பது உண்மைதான். மேற்சொன்ன கடனையே 25 ஆண்டுகளுக்கு எடுத்தால், மொத்தமாகக் கட்டும் தொகை சுமார் 2 லட்சத்திலிருந்து 2.32 லட்சத்துக்கு அருகே போய்விடும். ஆனால் தவணை 772 ஆகக் குறையும். கைக்குழந்தை உள்ள வீட்டில், கட்டியே தீர வேண்டிய தொகை குறைவாக இருப்பதுதான் முக்கியம் என்று நான் நினைக்கிறேன். கையில் பணம் மிஞ்சும் காலத்தில் அசலில் கூடுதலாகக் கட்டிக்கொள்ளலாம். அதற்கு அபராதம் உண்டா என்பதைக் கையெழுத்துப் போடும் முன் ஒப்பந்தத்தில் படித்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

தாயோ தந்தையோ குழந்தைக்காக விடுப்பில் இருந்தால், அண்மைச் சம்பளச் சீட்டுகளில் தொகை குறைந்திருக்கும். கடன் தகுதியும் அதற்கேற்பக் குறையலாம். எங்கள் விண்ணப்பம் அதனால் சில வாரங்கள் நின்றது. பணிக்குத் திரும்பும் தேதியையும் முழுச் சம்பளத்தையும் குறிப்பிட்டு என் மனைவியின் அலுவலகம் தந்த கடிதத்தைக் கொடுத்த பிறகே நகர்ந்தது. அதை முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.

காப்பீட்டைப் பொறுத்தவரை, கடனோடு சேர்த்துத் தரப்படுவது பெரும்பாலும் மீதிக் கடனை அடைப்பதோடு நின்றுவிடும். குடும்பத்தின் கைக்குப் பணம் வர வேண்டுமானால் தனி ஆயுள் காப்பீடு வேண்டும், அதுவும் இருவர் பெயரிலும். வீட்டில் இருந்து பிள்ளைகளைக் கவனிப்பவர் இல்லாமல் போனால், அந்த வேலைக்கு வேறொருவரைச் சம்பளத்துக்கு அமர்த்த வேண்டியிருக்கும் அல்லவா? இதைத் தவிர, கையிருப்பு முழுவதையும் முன்பணமாகக் கொடுத்துவிடாமல், 6 மாதத் தவணையும் வீட்டுச் செலவும் கையில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் மகன் பள்ளியில் சேர்ந்து காப்பகக் கட்டணம் நின்ற மாதத்திலிருந்து, அந்தத் தொகையில் பாதியை அசலில் கூடுதலாகக் கட்டி வருகிறோம்.