எடை குறைப்பு அறுவை சிகிச்சை: ஸ்லீவா, பைபாஸா?

கேள்வி: வயது 38, உயரம் 158 செ.மீ., எடை 104 கிலோ. ஆறு ஆண்டுகளாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். படுத்தாலே நெஞ்செரிச்சல். லேப்ராஸ்கோப்பியில் ‘ஸ்லீவ்’ செய்யலாம் என்கிறார் மருத்துவர். எவ்வளவு குறையும்? மறுபடியும் எடை ஏறிவிடுமா?

பதில்: உங்கள் பிஎம்ஐ (உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு) 41.7. அறுவை சிகிச்சை தாராளமாகச் செய்யலாம். ஆனால் ஸ்லீவுக்குத் தலையாட்டும் முன் எண்டோஸ்கோப்பி எடுத்துவிடுங்கள். நான் தயங்குவது அந்த நெஞ்செரிச்சலுக்காகத்தான்.

ஸ்லீவில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிடுவார்கள். மிஞ்சும் ஒடுங்கிய குழாய்க்குள் அழுத்தம் கூடுவதால் அமிலம் மேலே ஏறும். ஏற்கெனவே எரிச்சல் உள்ளவருக்கு அது முற்றி, பின்னாளில் பைபாஸாக மாற்ற இன்னொரு முறை ஆபரேஷன் மேஜைக்குப் போக வேண்டிவரலாம். பைபாஸில் சுமார் 30 மி.லி. கொள்ளும் சிறு பையை நேரே சிறுகுடலோடு இணைப்பதால் எதுக்களிப்பு பெரும்பாலும் அடங்கும். உணவுக்குழாயில் புண்ணோ, ஹயாட்டஸ் ஹெர்னியாவோ (இரைப்பையின் மேல்பகுதி நெஞ்சுக்குள் ஏறியிருப்பது) தெரிந்தால் பைபாஸையே கேளுங்கள். ஒன்று: அதன்பின் டைக்ளோஃபெனாக், ஐப்யூபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகளைத் தொடக் கூடாது, இணைப்பில் புண் வரும்.

ஒன்று, ஒன்றரை ஆண்டில் மொத்த எடையில் 25 முதல் 30 சதவீதம் குறையும். உங்கள் கணக்கில் 26 முதல் 31 கிலோ. அதாவது 75 கிலோவை ஒட்டி நிற்பீர்கள். 55 கிலோவை எதிர்பார்க்காதீர்கள். இரண்டாம் ஆண்டுக்குப் பிறகு சில கிலோ ஏறுவது சகஜம். நிறைய ஏறியவர்களிடம் விசாரித்தால் பெரும்பாலும் பழச்சாறு, இனிப்பு டீ, இடையிடையே கொறிப்பதுதான் வெளிவரும். சின்ன வயிறு இவற்றைத் தடுக்காது.

சர்க்கரைக்குப் பலன் உண்டு, முழு உத்தரவாதம் இல்லை. அமெரிக்காவின் ‘ஸ்டாம்பீட்’ ஆய்வில் ஐந்தாம் ஆண்டில் ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரை) 6-க்குள் இருந்தவர்கள்: பைபாஸில் 29 சதவீதம், ஸ்லீவில் 23, மருந்து மட்டும் எடுத்தவர்களில் 5. இன்சுலின் தேவைப்படாத உங்களுக்கு வாய்ப்பு கூடுதல். ஆனால் கிளிமிபிரைடு என்ற சர்க்கரை மாத்திரை எடுப்பவரானால், டிஸ்சார்ஜ் நாளிலேயே அளவைக் குறைக்கவோ நிறுத்தவோ எழுதி வாங்குங்கள். சாப்பாடு சில வாய்தான் இறங்கும். பழைய அளவு மாத்திரை சர்க்கரையை ஆபத்தாக இறக்கிவிடும்.

முதல் சில வாரங்களில் நாடித்துடிப்பு 120-ஐத் தாண்டினாலோ, காய்ச்சல், மூச்சுத் திணறல், இடது தோள் வலி வந்தாலோ விடியும்வரை காத்திருக்காதீர்கள். ஸ்டேப்ளர் போட்ட கோட்டில் கசிவாக இருக்கலாம்.

தினம் 60 முதல் 80 கிராம் புரதம் வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம்தான், பருப்புச் சாதத்தால் எட்டாது. ஆரம்ப மாதங்களில் புரதப் பொடி தேவைப்படும். பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி ஆயுள் முழுக்க. கருத்தரிப்பை 12 முதல் 18 மாதம் தள்ளிப்போடுங்கள்.

வாந்தி இரண்டு மூன்று நாளில் நிற்காவிட்டால் அருகிலுள்ள கிளினிக்கில் வெறும் குளுக்கோஸ் டிரிப் ஏற்றிக்கொள்ளாதீர்கள். உடலில் தயமின் (வைட்டமின் பி1) வற்றியிருக்கும்போது குளுக்கோஸ் ஏறினால் பார்வை இரட்டையாகி, நடை தள்ளாடி, மூளை நிரந்தரமாகப் பாதிக்கப்படலாம். “பேரியாட்ரிக் (எடை குறைப்பு) ஆபரேஷன் ஆகியிருக்கிறது, முதலில் தயமின் ஊசி போடுங்கள்” என்று நீங்களே சொல்லுங்கள். வீட்டில் உள்ளவர்களுக்கும் சொல்லி வையுங்கள்.