குவளைக்கும் கூந்தலுக்கும் வீட்டிலேயே பூ: கேள்வி பதில்

தமிழகச் சமவெளியில் வீட்டுப் பூந்தோட்டம் போடுபவர்கள் கேட்ட கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும்.

கேள்வி: வீட்டுக்குப் பின்னால் தெற்கு வடக்காக 12 அடி, கிழக்கு மேற்காக 10 அடி இடம் இருக்கிறது சார். சாமிக்கும் தலைக்கும் தினமும் பூ வேண்டும். வாரம் ஒருமுறை குவளையிலும் வைக்க ஆசை. எப்படிப் பிரிப்பது?

பதில்: பல ஆண்டு நிற்கும் செடியையும் நாலைந்து மாதத்தில் முடிந்துபோகும் செடியையும் ஒரே பாத்தியில் கலக்காதீர்கள். ஒன்றைப் பிடுங்கும்போது மற்றதன் வேர் அறுபடும். கிழக்கு மேற்காக 3 அடி அகலத்தில் மூன்று பாத்தி, இடையில் ஒன்றரை அடியில் இரண்டு நடைபாதை என்று போட்டால் 12 அடி சரியாக வரும். பாத்தி அதைவிட அகலமானால் நடுவில் உள்ள பூவுக்குக் கை எட்டாது. மண்ணை மிதித்து இறுக்கிவிடுவீர்கள்.

வடக்குப் பாத்தி குண்டுமல்லிக்கு. 4 அடிக்கு ஒன்றாக 3 செடி வையுங்கள், குழிக்குத் தொழு எரு 10 கிலோ. நடுப் பாத்தியில் சம்பங்கி: ஒன்றரை அடி இடைவெளியில் இரண்டு வரிசை, வரிசையில் 20 செ.மீ.க்கு ஒரு கிழங்கு. ஆக 30 கிழங்கு போதும். தெற்குப் பாத்தி ஜினியா, கோழிக்கொண்டை, வாடாமல்லி, செண்டுமல்லி போன்ற பருவப் பூக்களுக்கு. அதை மட்டும் மூன்றாகப் பிரித்து, மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஒரு பங்கில் விதையுங்கள். மொத்தமாக விதைத்தால் எல்லாம் ஒன்றாகப் பூத்து ஒன்றாகத் தீர்ந்துவிடும். இடத்தில் 6 மணி நேரமாவது நேர் வெயில் விழ வேண்டும். அது இல்லையென்றால் இந்தத் திட்டமே வேண்டாம்.

கேள்வி: சம்பங்கி வைத்து ஒரு வருடமாகிறது. புல் மாதிரி இலை மட்டும் மண்டிக் கிடக்கிறது, தண்டே வரவில்லை.

பதில்: நட்ட கிழங்கு சிறியதாக இருந்திருக்கும், அல்லது நிழல் விழுகிறது. 2.5 முதல் 3 செ.மீ. குறுக்களவுள்ள கிழங்குதான் முதல் ஆண்டிலேயே பூக்கும். அதற்கும் சின்னது தன்னை வளர்த்துக்கொள்ளவே ஓர் ஆண்டை எடுத்துக்கொள்ளும். தோண்டிய கிழங்கை ஒரு மாதம் நிழலில் ஆறவிட்டு, ஜூன், ஜூலையில் கூர்முனை மேலே இருக்கும்படி, மேலே ஓர் அங்குல மண் மூடுமாறு நடுங்கள். சுமார் மூன்று மாதத்தில் தண்டு வரும். ஒரு கிழங்கு ஒருமுறைதான் தண்டு விடும், பிறகு பக்கக் கிழங்குகள் தொடரும். அதனால் மூன்றாம் ஆண்டு முடிவில் நெரிசலாகிவிடும். கிளறிப் பிரித்து நடுங்கள்.

ரகம் வாங்கும்போது யோசித்து வாங்குங்கள். பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் தந்த ‘பிரஜ்வல்’ ஒற்றை அடுக்கு, கட்டுவதற்கு நல்லது. அதே நிறுவனத்தின் ‘சுவாசினி’ பல அடுக்கு, குவளைக்கு அழகு. தண்டின் அடிப்பூ இரண்டு விரிந்ததும் வெட்டிவிடுங்கள்.

கேள்வி: மல்லிச்செடி ஆளுயரம் வளர்ந்திருக்கிறது. பூ என்னவோ கைப்பிடிகூட இல்லை.

பதில்: கவாத்து செய்யாமல் விட்டிருக்கிறீர்கள். மல்லி புதுக்கிளையின் நுனியில்தான் மொட்டு வைக்கும். நவம்பர் கடைசி வாரத்தில் தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு எல்லாக் கிளைகளையும் வெட்டுங்கள். மனசு கேட்காமல் பாதியில் நிறுத்திவிடாதீர்கள்! காய்ந்த குச்சி, குறுக்கே ஓடும் கிளை எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, வளர்ந்த செடிக்குத் தொழு எரு 10 கிலோ, யூரியா 65 கிராம், சூப்பர் பாஸ்பேட் 375 கிராம், பொட்டாஷ் 100 கிராம் வைத்து, மண் மூடி நீர் விடுங்கள். யூரியா முதலிய மூன்றையும் ஜூன், ஜூலையில் இன்னொரு முறை. யூரியாவை மட்டும் அள்ளிப் போட்டால் இலைதான் கிடைக்கும். ஜாதிமல்லிக்குக் கவாத்து டிசம்பர் கடைசியில், முல்லைக்கு ஜனவரி கடைசியில்.

மொட்டில் ஓட்டை இருந்தால் மொட்டுப்புழு. அந்த மொட்டுகளைக் கிள்ளி அழித்துவிட்டு, 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து ஒரு லிட்டர் நீரில் இரவு முழுக்க ஊறவைத்து வடிகட்டி, துளி சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளியுங்கள்.

கேள்வி: செவ்வந்தி வாசலில் இருக்கிறது, தெருவிளக்குக்கு நேர் கீழே. டிசம்பர் ஆகியும் மொட்டே காணோம்.

பதில்: விளக்குதான் காரணம். செவ்வந்திக்கு நீண்ட, தடையில்லாத இருட்டு வேண்டும். இரவு வெளிச்சம் விழுந்தால் அது மொட்டு வைக்காமல் இலையாகவே வளரும். தொட்டியென்றால் இருட்டான பக்கத்துக்கு மாற்றுங்கள். தரையில் இருந்தால் மாலை 6 முதல் காலை 7 வரை கறுப்புத் துணி மூடுங்கள். மொட்டு நிறம் காட்டும்வரை ஒரு நாளும் விடாதீர்கள். அடுத்த முறை ஜூன், ஜூலையில் ஓரடி இடைவெளியில் நட்டு, நான்காம் வாரம் நுனியைக் கிள்ளிவிடுங்கள். பக்கக்கிளை கூடும், பூவும் கூடும்.

கேள்வி: ரோஜாவில் ஒரு கிளை மட்டும் விறுவிறுவென்று நீளுகிறது, பூ இல்லை.

பதில்: ஒட்டுக்கு (நல்ல ரகத்தை வேறொரு செடியின் மேல் ஒட்டிய இடத்துக்கு) கீழிருந்து வருகிறதா பாருங்கள். அப்படியானால் அது அடிச்செடியின் கிளை. மண்ணைக் கிளறி, கிளம்பும் இடத்திலேயே பிய்த்தெடுங்கள். மேலோடு வெட்டினால் மீண்டும் முளைக்கும்.

கேள்வி: கனகாம்பரம் நன்றாக இருந்த செடி திடீரென்று வாடுகிறது அக்காவின் தோட்டத்தில். தண்ணீர் குறைவா?

பதில்: ஒன்றைப் பிடுங்கி வேரைப் பாருங்கள். முடிச்சு முடிச்சாக இருந்தால் நூற்புழு, அதாவது வேரைத் தாக்கும் கண்ணுக்குத் தெரியாத மண்புழுவல்லாத நுண்புழு. அந்தச் செடிகளை எடுத்துவிட்டு, அதே இடத்தில் ஒரு பருவம் செண்டுமல்லி போடச் சொல்லுங்கள். பிறகு குழிக்கு 100 கிராம் வேப்பம் பிண்ணாக்கு இட்டுப் புதுக் கன்று நடலாம்.

கேள்வி: ஜினியாவை வெட்டிக் குவளையில் வைத்தால் மறுநாளே தலை தொங்கிவிடுகிறது.

பதில்: சீக்கிரம் வெட்டுகிறீர்கள். பூவுக்கு ஒரு சாண் கீழே தண்டைப் பிடித்து லேசாக ஆட்டிப் பாருங்கள். கழுத்து வளைந்து ஆடினால் இன்னும் இரண்டு மூன்று நாள் விடுங்கள். விறைப்பாக நின்றால் வெட்டலாம். வெயில் ஏறும் முன், கையில் வாளித் தண்ணீரோடு போங்கள். ஒரு கணுவுக்கு மேலே, தைரியமாகக் கீழே இறக்கி வெட்டுங்கள். அங்கிருந்து வரும் இரண்டு கிளைதான் அடுத்த பூவுக்கு நீளமான தண்டு தரும். நீரில் மூழ்கும் இலைகளை உருவிவிடுங்கள், அவை அழுகினால் தண்டு அடைத்துக்கொள்ளும். லிட்டருக்கு 20 கிராம் சர்க்கரை, இரண்டு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு, சில சொட்டு பிளீச்சிங் திரவம் சேர்த்து, இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றுங்கள். குவளைக்குப் பக்கத்தில் வாழைப்பழச் சீப்பு இருந்தால் தள்ளி வையுங்கள். பழுக்கும் பழம் விடும் எத்திலீன் வாயு பல பூக்களை விரைவில் வாட்டிவிடும்.