கல்யாண வீட்டில் பீர் மட்டும் குடிக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 34. திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். மலத்தில் ரத்தமும் சீதமும் போனதால் கொலோனோஸ்கோப்பி செய்து பார்த்து, அல்சரேட்டிவ் கோலைடிஸ் (பெருங்குடலில் புண்ணை உண்டாக்கும் நாள்பட்ட அழற்சி) என்றார்கள். மெசலமைன், அசத்தியோபிரின் மாத்திரைகள் சாப்பிடுகிறேன். ஓராண்டாகத் தொந்தரவு இல்லை. ஆவணியில் மைத்துனர் கல்யாணம். நண்பர்கள், “அன்றைக்கு மட்டும் மாத்திரையை நிறுத்திவிட்டுக் குடி” என்கிறார்கள். பிராந்தி வயிற்றுப்போக்கைக் கட்டும் என்கிறார் பெரியப்பா. பீர் மட்டும் என்றால் பரவாயில்லையா?

பதில்: பீரைப் பற்றிப் பிறகு பேசுவோம் தம்பி. என்னைப் பதறவைத்தது அந்த மாத்திரை யோசனைதான். உடம்பின் எதிர்ப்பு சக்தியை அடக்கிவைக்கும் அசத்தியோபிரின் முழுப் பலன் தருவதற்கே இரண்டு மூன்று மாதங்கள் ஆகும். ஒருநாள் நிறுத்தினால் அதன் தாக்கம் உடம்பைவிட்டுப் போய்விடாது. ஆகவே இந்த மருந்தும் மதுவும் சேர்ந்து கல்லீரலைப் பாதிப்பதை அந்த யோசனை தடுக்காது. மெசலமைன் பெருங்குடலின் உட்சுவரில் நேரடியாக வேலை செய்வது; அது அன்றாடம் போய்ச்சேர வேண்டும். கல்யாணத்துக்காக ஒருநாள் விட்டவர் அடுத்து மறுவீட்டுக்கும் கறிவிருந்துக்கும் விடுவார். நன்றாக இருந்த நோயாளிகள் மறுபடி ரத்தப்போக்கோடு வரும்போது நான் முதலில் கேட்பது, “மாத்திரையை எப்போது விட்டீர்கள்?” என்றுதான். பெரும்பாலும் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். குடித்தாலும் குடிக்காவிட்டாலும் மாத்திரை நிற்கக் கூடாது.

பெரியப்பா அக்கறையோடுதான் சொல்லியிருப்பார். ஆனால் மது குடலின் அசைவை விரைவுபடுத்தும், பெருங்குடல் நீரை உறிஞ்சுவதைக் குறைக்கும். நலமாக இருப்பவருக்கே மறுநாள் காலையில் வயிறு இளகுவது அதனால்தான். புண்ணாகி ஆறிய உங்கள் குடலுக்குப் பிராந்தி மருந்தாகாது.

“பீர் மட்டும்” என்பதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 180 மில்லி பிராந்தியில், 42.8 சதவீதம் என்றால், சுமார் 60 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. எட்டு சதவீத ஸ்ட்ராங் பீர் 650 மில்லி பாட்டிலில் சுமார் 40 கிராம். இரண்டு பாட்டில் பீர் ஒரு குவார்ட்டரைத் தாண்டிவிடுகிறது. பிரிட்டன் அரசின் வழிகாட்டுதலில் ஒரு வாரம் முழுவதற்குமான உச்சவரம்பே 112 கிராம்தான், அதுவும் நோயில்லாதவர்களுக்கு. பீரின் வாயு வயிற்றை உப்பவைக்கும் என்பது தனி. கூடவே வரும் மிளகாய் வறுவலையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நோய் அடங்கியிருக்கும் காலத்தில் ஒரு கிளாஸ் குடித்த எல்லோருக்கும் நோய் திரும்பிவிடும் என்று நான் பயமுறுத்த மாட்டேன். அப்படி உறுதியான சான்று இல்லை. ஆனால் அசத்தியோபிரின் கல்லீரலைப் பாதிக்கக்கூடிய மருந்து, மதுவும் அதே வேலையைச் செய்கிறது. பல ஆண்டுகள் நீடிக்கும் கோலைடிஸில் பெருங்குடல் புற்றுநோய் ஆபத்து கூடுகிறது. அதே ஆபத்தை மதுவும் தனியாகக் கூட்டுகிறது. உலக சுகாதார நிறுவனம் 2023இல், பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்றே சொல்லிவிட்டது. என் விருப்பம் நீங்கள் குடிக்காமல் இருப்பதே. அதையும் மீறினால், சாப்பிட்ட பிறகு ஒரு கிளாஸ், பக்கத்தில் தண்ணீர், அதோடு முடித்துக்கொள்ளுங்கள். ரத்தமோ சீதமோ போகும் நாட்களில் ஒரு சொட்டும் வேண்டாம். மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாட்டிக் எழுதிக் கொடுத்திருந்தால் அது முடிந்து மூன்று நாட்கள் வரையிலும் கூடாது. வாந்தியும் படபடப்பும் வரலாம்.

மறுநாள் தலைவலிக்கு மருந்துக்கடையில் டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் வாங்கிப் போட்டுவிடாதீர்கள். கோலைடிஸைக் கிளறிவிடக்கூடிய மாத்திரைகள் அவை.

நண்பர்களைச் சமாளிப்பதுதான் உங்களுக்குப் பெரிய கவலை என்று தெரிகிறது. கழிப்பறை சம்பந்தப்பட்ட நோய் என்பதால் பலர் வீட்டுக்கு வெளியே மூச்சு விடுவதில்லை. விவரம் சொல்ல வேண்டியதில்லை. “கல்லீரலைப் பாதிக்கும் மருந்து சாப்பிடுகிறேன், டாக்டர் தடுத்திருக்கிறார்” என்றால் போதும், அது உண்மையும்கூட. முன்கூட்டியே மைத்துனரிடம் சொல்லி வையுங்கள்; மாப்பிள்ளையே தடுத்தால் யாரும் வற்புறுத்த மாட்டார்கள்.

ஆவணிக்கு முன் கல்லீரல் பரிசோதனையும் ரத்த அணுக்கள் எண்ணிக்கையும் எடுத்து, உங்கள் மருத்துவரிடம் காட்டுங்கள். கல்யாணம் முடிந்த பிறகு மலத்தில் ரத்தம் தெரிந்தால், சாப்பாட்டு ஒவ்வாமை என்று காத்திருக்காமல் அன்றே அவரைப் பாருங்கள்.