பிராண்ட் டிசைன் பாடத்துல இன்க்ளூசிவ் டிசைனை எங்க வெக்கறது?

கேட்டிருக்கற கேள்வி இதுதான்: "மீடியா, கம்யூனிகேஷன் டிபார்ட்மெண்ட்ல புதுசா சேந்திருக்கேன், பிராண்ட் டிசைன் பேப்பர் எனக்கு வந்திருக்கு, இன்க்ளூசிவா சொல்லிக்குடுக்கணும்னு சிலபஸ்ல ஒரு வரி இருக்கு, அதை நடைமுறைல எப்படி கொண்டு வரது, தனி யூனிட்டா வெக்கலாமா?"

தனி யூனிட்டா வெக்காதீங்க. இன்க்ளூசிவ் டிசைன்னா, மாற்றுத்திறனாளிகளும் சேத்து எல்லாரும் பயன்படுத்தற மாதிரி டிசைன் பண்றது. நானும் விஷுவல் கம்யூனிகேஷன் சொல்லிக்குடுக்கற ஆளுதான், இந்த ஒரு விஷயத்துல எனக்கு ரொம்ப உறுதியான கருத்து இருக்கு. தனி யூனிட்டா வெச்சா என்ன ஆகும்னா, லோகோ, டைப்போகிராஃபி, கலர், பேக்கேஜிங் எல்லாம் முதல் ரெண்டு வருஷம் வழக்கம்போல ஓடும், கடைசி வருஷத்துல ஒரு மூலைல ஆக்சஸிபிலிட்டின்னு, அதாவது எல்லாரும் அணுக முடியறதைப் பத்தி, நாலு கிளாஸ் வரும், அதுக்குள்ள பசங்க கண்ணு ஒரு ருசிக்குப் பழகிடும், வெள்ளை மேல வெளிர் சாம்பல்ல மெல்லிசா எழுத்து இருந்தாதான் பிரீமியம்னு முடிவே பண்ணிடுவாங்க. அப்புறம் நீங்க போய் இதைப் படிக்க முடியாதுப்பான்னு சொன்னா, ஏதோ சட்டம் பேச வந்த ஆள் மாதிரிதான் பாப்பாங்க. அதனால முதல் அசைன்மெண்ட்டோட பிரீஃப்லயே (என்ன செய்யணும்னு எழுதிக் குடுக்கற குறிப்பு) இது இருக்கணும், மார்க் ஷீட்லயும் இருக்கணும்.

மார்க் ஷீட்ல எப்படின்னு கேட்டா, ஆக்சஸிபிலிட்டிக்கு 10 மார்க்னு ஒதுக்கறது எனக்குப் பிடிக்காது. அந்த 10 போனா போகட்டும்னு விட்டுட்டு மீதி 90ல பாத்துக்குவாங்க. அதுக்குப் பதிலா அதை ஒரு வாசல்படியா வைங்க. பிரிண்டுக்குப் போற ஃபைல்ல ப்ளீட் (வெட்டற ஓரத்தைத் தாண்டி விடற கூடுதல் பகுதி) இல்லன்னா பிரஸ்ல திருப்பி அனுப்பிடுவாங்கல்ல, டிசைன் எவ்வளவு அழகா இருந்தாலும் சரி, அதே மாதிரி எழுத்துக்கும் பின்னணிக்கும் நடுவுல கான்ட்ராஸ்ட் (வெளிச்ச வித்தியாசம்) பத்தலன்னா, வீடியோல கேப்ஷன் இல்லன்னா, சரி பண்ணிட்டு வாங்கன்னு திருப்பிக் குடுத்துடுங்க, அதுக்கப்புறம் மார்க் போடலாம்.

கலர்லேந்தே ஆரம்பிக்கலாம், ஏன்னா அதுல உடனே அளந்து காட்ட முடியும். வெப்புக்கான ஆக்சஸிபிலிட்டி கைட்லைன் டபிள்யூசிஏஜி, முதல்ல 1999ல வந்துச்சு, இப்ப இருக்கற 2.2 வெர்ஷன் 2023ல வந்தது. அதுல ஏஏங்கற நடு லெவல்ல சாதாரண சைஸ் எழுத்துக்கு 4.5:1, பெரிய எழுத்துக்கு 3:1 கான்ட்ராஸ்ட் வேணும். இந்த நம்பரை ஸ்லைட்ல போட்டு விட்டுடாதீங்க, யாருக்கும் மனசுல நிக்காது. முதல்ல ஊகிக்கச் சொல்லுங்க. வெள்ளை மேல சுத்தமான சிவப்பு, சுத்தமான பச்சை, சுத்தமான நீலம், மூணையும் காட்டி எது பாஸ், எது ஃபெயில்னு எழுதி வெக்கச் சொல்லிட்டு அப்புறம் அளக்கச் சொல்லுங்க. நீலம் சுமார் 8.6:1, சிவப்பு கிட்டத்தட்ட 4:1, அதாவது நூலிழைல ஃபெயில், பச்சை வெறும் 1.37:1. திரைல பச்சை ஒளிதான் நம்ம கண்ணுக்கு ரொம்ப வெளிச்சமா தெரியும், நீலம் ரொம்பக் கம்மி, அதனாலதான் இப்படி. சாம்பல்ல #767676ங்கற கலர் நம்பர் வரைக்கும் வெள்ளை மேல பாஸ் ஆகும், #999999 ஃபெயில். ஊகம் தப்பாகிற அந்த இடத்துலதான் பசங்க நிமிர்ந்து உக்காருவாங்க, நம்பர் தானா மனசுல ஏறும்.

இங்க பிராண்ட் டிசைன் சொல்லிக்குடுக்கறவங்க கண்டிப்பா தெரிஞ்சு வெச்சிருக்க வேண்டிய ஒரு விதிவிலக்கு இருக்கு. லோகோல இருக்கற எழுத்துக்கு டபிள்யூசிஏஜி கான்ட்ராஸ்ட் கேக்கறதில்ல. ஸ்டூடண்ட் இதைக் கண்டுபிடிச்சுட்டு வந்து லோகோவுக்குதான் ரூல் இல்லையேன்னு வாதாடுவாங்க, அவங்க சொல்றது சரிதான். ஆனா பிராண்டுன்னா லோகோ மட்டுமா? லோகோல வர அதே மஞ்சள்தான் நாளைக்கு ஆப்ல பட்டனாகும், விலைப்பட்டியல்ல தலைப்பாகும், விளம்பரத்துல எழுத்தாகும், அங்கெல்லாம் விதிவிலக்கு கிடையாது. அதனால நான் லோகோவை விட்டுட்டு பேலட்டைத்தான், அதாவது பிராண்டோட கலர் தொகுப்பைத்தான் கேப்பேன். எந்தக் கலர் எந்தக் கலர் மேல எழுத்தா வரலாம், எது வரவே கூடாதுன்னு ஒரு டேபிள் பிராண்ட் கைட்லைன்ல இருக்கணும். அந்த ஒரு பக்கத்தைச் செய்ய உக்காந்தாலே பாதிப் பேர் அவங்களாவே பேலட்டை மாத்திடுவாங்க.

கலர் பிளைண்ட்னஸையும் இதோட சேத்துச் சொல்லிடுங்க. வட ஐரோப்பிய வம்சாவளில ஆண்கள்ல 12 பேர்ல ஒருத்தருக்கு, பெண்கள்ல 200 பேர்ல ஒருத்தருக்கு இருக்குன்னு கணக்கு, மத்த மக்கள்ல இந்த விகிதம் மாறும். உங்க கிளாஸ்லயே யாராவது இருக்க வாய்ப்பு அதிகம், அவங்க எல்லார் முன்னாடியும் சொல்லணும்னு அவசியமும் இல்ல. சிவப்பு, பச்சையை மட்டுமே நம்பி எதையும் சொல்லாதீங்க, கூடவே ஒரு வார்த்தையோ வடிவமோ வைங்கன்னு சொன்னா போதும்.

மோஷன்ல கொஞ்சம் நேரம் எடுத்துக்கங்க, ஏன்னா இப்ப லோகோவெல்லாம் அசையுது. 2007 ஜூன்ல லண்டன் 2012 ஒலிம்பிக்ஸ் லோகோவை வெளியிட்டப்ப கூட வந்த அனிமேஷன் வீடியோவால வலிப்பு வந்துச்சுன்னு புகார் வந்து, அந்தப் பகுதியையே வெப்சைட்லேந்து தூக்க வேண்டியதாச்சு. ஒரு செகண்டுக்கு மூணு தடவைக்கு மேல பளிச் பளிச்னு மின்னக் கூடாதுங்கற விதி வெறும் ஃபார்மாலிட்டி இல்ல, ஒருத்தர் உடம்பு சம்பந்தப்பட்டதுன்னு இதை வெச்சுச் சொன்னா புரியும். அதைவிட முக்கியம், அவ்வளவு பெரிய வேலையிலயும் இது தப்பிப் போயிருக்குன்னா நம்ம செமஸ்டர் புராஜெக்ட்ல தப்பிப் போறது எவ்வளவு சுலபம்னு யோசிக்க வைக்கும்.

இதெல்லாம் பண்ணா கிரியேட்டிவிட்டி போயிடும்னு ஒரு பேச்சு வரும், ஸ்டூடண்ட்டை விட கூட வேலை பாக்கற ஆசிரியர்கள்கிட்டேந்துதான் அதிகமா வரும். எனக்கு அந்தப் பேச்சு உண்மையிலேயே வருத்தமா இருக்கும், ஏன்னா வரலாறு வேற சொல்லுது. அமெரிக்காவுல பிரெய்ல் இன்ஸ்டிடியூட் தன்னோட பிராண்டை மாத்தி அமைச்ச வேலைலேந்துதான் அட்கின்சன் ஹைப்பர்லெஜிபிள்னு ஒரு ஃபாண்ட் 2019ல வந்துச்சு. பெரிய ஐ (I), சின்ன எல் (l), நம்பர் ஒண்ணு (1), இந்த மூணும் ஒண்ணையொண்ணு குழப்பாம இருக்கணும், பூஜ்யமும் ஓவும் வேற வேறயா தெரியணும்னு ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியா வேறுபடுத்தியிருக்காங்க. எல்லா எழுத்தும் ஒரே அச்சுல சீரா இருந்தாதான் அழகுங்கற பழக்கத்தையே அது உடைச்சுது, யார் வேணா இலவசமா எடுத்து யூஸ் பண்ணலாம். பேக்கேஜிங்லயும் அப்படித்தான், ஹெர்பல் எசன்சஸ் ஷாம்பு பாட்டில்ல தொட்டா தெரியற மாதிரி கோடுகளும் கண்டிஷனர் பாட்டில்ல புள்ளிகளும் வெச்சாங்க, குளிக்கும்போது கண்ணாடி கழட்டிட்டுப் போற எல்லாருக்குமே அது உதவும். நேவிலென்ஸ்னு க்யூஆர் கோட் மாதிரி கலர்ல ஒரு கோட் இருக்கு, போன் கேமராவைச் சரியா குறி பாத்துப் பிடிக்க முடியாதவங்களுக்காக, தூரத்துலேந்தே படிக்கற மாதிரி செஞ்சது. அதை உருவாக்கினதுல ஸ்பெயின்ல இருக்கற அலிகாண்டே பல்கலைக்கழகத்துக்குப் பங்கு இருக்கு, கெல்லாக்ஸ் சீரியல் டப்பா வரைக்கும் வந்துடுச்சு.

பல்கலைக்கழகம்னு சொன்னதும் எனக்கு ரொம்பப் பிடிச்ச ரெண்டு விஷயம். உலகம் முழுக்க பார்க்கிங்ல, டாய்லெட் கதவுல இருக்கற வீல்சேர் சின்னம் இருக்கே, அதை வரைஞ்சது ஒரு பெரிய ஏஜென்சி இல்ல, 1968ல சூசன் கோஃபோட்ங்கற டென்மார்க் டிசைன் மாணவி. அவங்க வரைஞ்சதுல தலையே கிடையாது, வெறும் நாற்காலி மாதிரிதான் இருந்துச்சு, அப்புறம் கார்ல் மோண்டான் அதுக்கு மேல ஒரு வட்டம் வெச்சுதான் அது மனுஷனாச்சு. பார்வையில்லாதவங்களுக்குக் காட்சியை விவரிச்சுச் சொல்ற ஆடியோ டிஸ்கிரிப்ஷனும் அப்படித்தான், அந்த யோசனையை வளர்த்ததுல 1970கள்ல சான் ஃபிரான்சிஸ்கோ ஸ்டேட் யுனிவர்சிட்டில கிரெகரி ஃபிரேசியர் எழுதின ஒரு மாஸ்டர்ஸ் தீசிஸுக்குப் பெரிய இடம் இருக்கு. உங்க ஸ்டூடண்ட்ஸ்கிட்ட இதைச் சொல்லுங்க, செமஸ்டர் வேலை சும்மா மார்க்குக்கு மட்டும் இல்லன்னு அவங்களுக்குத் தெரியணும்.

அந்த வீல்சேர் சின்னத்தையே ஒரு முழு கிளாஸுக்கு எடுத்துக்கலாம். பின்னாடி சாரா ஹெண்ட்ரனும் பிரையன் கிளென்னியும் பாஸ்டன் பக்கத்துல பழைய போர்டுகள் மேல ஸ்டிக்கர் ஒட்டி, முன்னாடி சாஞ்சு தானே தள்ளிட்டுப் போற மாதிரி புது உருவத்தைக் கொண்டு வந்தாங்க, 2014ல நியூயார்க் மாநிலம் அதை ஏத்துக்கிச்சு. ஆனா மாற்றுத்திறனாளிகள்லயே சில பேர் எதிர்த்தாங்க, கையில வலு இருந்து தானே தள்றவங்கதான் மதிப்பானவங்களா, பவர் சேர்ல போறவங்க, வீல்சேரே இல்லாத குறைபாடு இருக்கறவங்க எல்லாம் எங்கன்னு கேட்டாங்க. ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு, நீங்க முடிவு சொல்லிடாதீங்க. ஒரு சின்ன வட்டத்தோட இடம் மாறினா ஒரு மனுஷனைப் பத்தின கருத்தே மாறுதுன்னு இதைவிட நல்லா வேற எந்த உதாரணமும் காட்டாது.

மீடியா பக்கம் பசங்க இருந்தா கேமராவை விட்டுடாதீங்க. கலர் ஃபிலிம் காலத்துல லேப்ல பிரிண்டைச் சரிபாக்க ஷெர்லி கார்டுன்னு ஒண்ணு வெச்சிருந்தாங்க, அதுல இருந்தது ரொம்ப காலம் வெள்ளைக்காரப் பெண்கள் படம், அதனால கருப்புத் தோல் சரியா பதியாமப் போச்சு. கனடாவுல கன்கார்டியா பல்கலைக்கழகத்து லோர்னா ராத் 2009ல இதைப் பத்தி விரிவா எழுதியிருக்காங்க. சாக்லேட் கம்பெனியும் மர ஃபர்னிச்சர் கம்பெனியும் எங்க பொருளோட பழுப்பு நிறம் சரியா வரலன்னு கேட்டதும் ஃபிலிம் மாறினதுக்கு ஒரு காரணம்னு அதுல வரும், அதைப் படிச்சப்ப எனக்கு ரொம்ப நேரம் மனசு ஆறல. லைட்டிங் கிளாஸ்ல வேற வேற தோல் நிறம் இருக்கற ரெண்டு பேரை ஒரே ஃபிரேம்ல எடுக்கச் சொல்றதை கட்டாயம் ஆக்குங்க.

எழுத்துப் பயிற்சிக்கு ஆல்ட் டெக்ஸ்ட் (படத்தைப் பாக்க முடியாதவங்களுக்காக அதை வார்த்தைல சொல்ற வரி) மாதிரி நல்ல விஷயம் இல்ல. ஒரே போட்டோவைக் குடுத்து, நியூஸ் கட்டுரைக்கு ஒண்ணு, பொருள் விக்கிற பக்கத்துக்கு ஒண்ணு, ஆண்டறிக்கைக்கு ஒண்ணுன்னு எழுதச் சொல்லுங்க. மூணும் வேறயா வரணும், வரலன்னா அந்தப் படம் அங்க எதுக்கு இருக்குன்னு அவங்களுக்கே தெரியலன்னு அர்த்தம். வெறும் அலங்காரப் படம்னா ஆல்ட்டை காலியா விடணும்ங்கறதையும் சொல்லிக்குடுங்க. கேப்ஷன்ல ஆட்டோ கேப்ஷனை அப்படியே ஒட்டிட்டு வரதை ஏத்துக்காதீங்க, யார் பேசறாங்க, கதவு தட்டற சத்தம், இசை மாறுற இடம் எல்லாம் வரணும். உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி மறுவாழ்வு உதவி தேவைப்படற அளவுக்குக் கேட்கும் குறை உள்ளவங்க 43 கோடிப் பேருக்கு மேல, அவங்களுக்கும் சேத்துதான் நாம படம் எடுக்கறோம்.

ஒண்ணு மட்டும் தயவுசெஞ்சு பண்ணாதீங்க. கண்ணைக் கட்டிக்கிட்டு காரிடார்ல நடக்க வெக்கற எக்ஸர்சைஸ். 2017ல மிஷெல் நாரியோ ரெட்மண்டும் கூட இருந்தவங்களும் வெளியிட்ட ஆய்வுல, இந்த மாதிரி பாவனையால குழப்பமும் சங்கடமும் உதவியில்லாத உணர்வும் கூடுது, மாற்றுத்திறனாளிகளோட பழகற மனசு மேம்படலன்னு காட்டியிருக்காங்க. காரணமும் தெளிவா இருக்கு, பத்து நிமிஷம் கண்ணைக் கட்டினவருக்கு தடுமாற்றம்தான் தெரியும், வருஷக்கணக்கா ஸ்கிரீன் ரீடரை (திரைல இருக்கறதைப் படிச்சுச் சொல்ற சாஃப்ட்வேர்) மூணு மடங்கு வேகத்துல கேக்கறவரோட திறமை எங்க தெரியும்? அதுக்குப் பதிலா அந்த மாதிரி ஒருத்தரையே கூப்பிடுங்க, பிரீஃப் எழுதற முதல் வாரத்துலயே கூப்பிடுங்க, கடைசி ஜூரில பாராட்டு சொல்ல மட்டும் இல்ல. கெஸ்ட் லெக்சரருக்குக் குடுக்கற அதே சன்மானத்தைக் குடுங்க. டிபார்ட்மெண்ட்ல பட்ஜெட் இல்லன்னு சொல்லுவாங்க, மத்த கெஸ்ட்டுக்கு மட்டும் எங்கேந்து வருதுன்னு கேட்டு வாங்குங்க.

அப்புறம் நம்ம கிளாஸே எப்படி இருக்குன்னு ஒண்ணு இருக்கு. ஐநா மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை 2006ல வந்தது, அதுல 24வது பிரிவு கல்வி பத்தினது, பல்கலைக்கழகமும் அதுல அடக்கம். ஸ்கேன் பண்ண பிடிஎஃப்பை அனுப்பினா ஸ்கிரீன் ரீடருக்கு அது வெறும் படம், அதனால எழுத்தைத் தேர்வு பண்ண முடியற மாதிரி அனுப்புங்க. சைகை மொழி இன்டர்பிரட்டர் வராங்கன்னா ஸ்லைடையும் டெர்ம்ஸையும் முந்தின நாளே குடுத்துடுங்க, கெர்னிங், கிரிட்னு நீங்க பேசிக்கிட்டே போனா அவங்க என்ன பண்ணுவாங்க. சுவத்துல வேலையை மாட்டிட்டு எல்லார் முன்னாடியும் நின்னு பேசற கிரிட்டீக் (விமர்சன) முறையை மட்டுமே ஒரே வழியா வெக்காதீங்க. திக்கிப் பேசறவங்க இருப்பாங்க, கூட்டத்துல உறைஞ்சு போறவங்க இருப்பாங்க, அவங்க பதிவு பண்ணிக் குடுக்கலாம், எழுதிக் குடுக்கலாம், அளக்க வேண்டியது டிசைன் யோசனையைத்தானே.

வேலை வாய்ப்பு பத்தி பெற்றோரோ டீனோ கேட்டா, ஐரோப்பிய ஆக்சஸிபிலிட்டி சட்டம் 2025 ஜூன் 28லேந்து நடைமுறைக்கு வந்திருக்கு, அந்த மார்க்கெட்டுக்கு ஆன்லைன் வியாபாரம், பேங்கிங், ஈபுக் பண்ற கம்பெனிகளுக்கு இது தெரிஞ்ச ஆள் வேணும்னு சொல்லுங்க, அது உண்மையும்கூட.

சிலபஸ் மாத்தற அதிகாரம் இப்ப உங்ககிட்ட இல்லன்னா காத்திருக்க வேண்டாம், பிரீஃப் எழுதறது உங்க கையிலதான். அடுத்த லோகோ அசைன்மெண்ட்ல மூணு வரி சேருங்க: கலர் ஜோடி டேபிள் ஒண்ணு, லோகோவை வார்த்தைல விவரிக்கற ஆல்ட் டெக்ஸ்ட் ஒண்ணு, அசையற வெர்ஷன் இருந்தா அசையாத வெர்ஷனும் ஒண்ணு. என்னோட பிரீஃப் மாதிரி வேணும்னா கமெண்ட்ல கேளுங்க, எழுதிப் போடறேன்.